சங்கிலியில் வந்த செம்பு

முன்னொரு காலத்தில், பெயர் சொன்னால் யாராவது சண்டைக்கு வந்துவிடுவார்கள் என்பதால் நான் பெயர் சொல்லாத ஒரு தேசத்தில், ஊருக்கே குடிதண்ணீர் கொடுத்த சின்ன ஏரி ஒன்று இருந்தது. அதன் மண்கரை, ராஜாவின் தகப்பனார் தாமே கூடை சுமந்து கட்டியது. அப்பாமேல் உயிரான ராஜாவுக்கு ஒருநாள் ஒரு யோசனை உதித்தது.

"என் தந்தையார் கரையிலிருந்து ஒரு பிடி மண்ணும் போகலாகாது. எடுப்பது யாராயினும், எதுவாயினும், சங்கிலியிட்டுச் சபைக்குக் கொண்டுவருக" என்று முரசறையச் செய்தார்.

மறுவாரமே கரைகாவல் காத்தாயி அகப்பட்டாள். கரையடியைத் தோண்டிக்கொண்டிருந்தவளைப் பிடித்தவர் பிரதானி வல்லபராயர். அவள் அரசவை விகடகவி செவ்வந்தியப்பனின் அக்கா என்பதில் பிரதானிக்கு இரட்டிப்புச் சந்தோஷம். விகடகவியைக் கண்டாலே அவருக்கு ஆகாது.

செவ்வந்தியப்பன் சிறைக்கு ஓடினான். "ஏன்க்கா தோண்டுனே?"

"கரையடியில கசிவு எப்பவும் உண்டு தம்பி. தெளிஞ்சு வர்ற வரைக்கும் பயமில்ல. முந்தாநாள்லேர்ந்து கலங்கலா வருது. உள்ளுக்குள்ள தண்ணி கரையைத் தின்னுது. களிமண் வச்சு இடிச்சு அடைக்கத்தான் தோண்டுனேன். என்னை விடு, கீழே குடியிருக்கிற சனத்தைப் பாரு."

ஊரைச் சிரிக்கவைக்கிறவன் அவள் கைகளைப் பற்றிக்கொண்டான். தாயில்லாத அவனை வளர்த்தவள் அவள்தான்.

மறுநாள் விசாரணை. செவ்வந்தியப்பன் ஒரு பெரிய செம்பைச் சங்கிலியால் கட்டிச் சபைக்குள் தூக்கிவந்தான்.

"சபையைப் பரிகசிக்கிறான், மகாராஜா" என்றார் பிரதானி.

"ஆணைப்படி மண் திருடனைப் பிடித்து வந்திருக்கிறேன், மகாராஜா."

ராஜா செம்புக்குள் எட்டிப்பார்த்தார். "இது வெறும் தண்ணீர் அல்லவா?"

"கரையடியில் காலையில் பிடிபட்டது. சற்றுப் பொறுத்தருளினால் தானே ஒப்புக்கொள்ளும்."

சபை காத்திருந்தது. கரை அதுவரை தாங்க வேண்டுமே என்று அவன் வேண்டிக்கொண்டான். பிறகு செம்பை மெல்லச் சாய்த்து மேல்தண்ணீரை வடித்தான். ராஜா உள்ளே கைவிட்டார். விரல் நிறையச் செம்மண் வந்தது.

"ஒரு செம்புக்கு இவ்வளவு, மகாராஜா. இரவு பகலாக எடுத்துப்போகிறான். அவன் வழியை அடைக்கப் போனவளைத்தான் கட்டிப்போட்டிருக்கிறார்கள்."

ராஜா அந்த மண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். கண் கலங்கியது. "அவிழ்த்துவிடுங்கள். பிரதானியாரே, கூடையை எடும்" என்றார்.

மதகைத் திறந்து ஏரி நீரைத் தணித்தார்கள். காத்தாயி காட்டிய இடத்தைப் பிளந்து களிமண் கொட்டினார்கள். பிரதானி சுமந்தார். ராஜா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மிதிக்க இறங்கினார்.

"பட்டும்படாம மிதிச்சா நிக்காது ராசா. குதிகாலை ஊனி மிதிங்க" என்றாள் காத்தாயி.

ராஜா நிமிர்ந்தார். "என் தந்தையாரிடமும் இப்படித்தான் அதட்டினாயா?"

"நான் அப்ப இடுப்புக் குழந்தை. அவரை அதட்டுனது எங்கம்மா."

ராஜா விழுந்து விழுந்து சிரித்தார். கழுத்து முத்துமாலையைக் கழற்றிச் செவ்வந்தியப்பனுக்குப் போட்டுவிட்டு, குதிகாலை ஊன்றி மிதிக்கத் தொடங்கினார்.