பெரியேரிப் பரீட்சை

முன்னொரு காலத்தில் வெண்ணாவல் நாடு என்று ஒரு நாடு. அதைத் திடவிக்கிரமன் என்று ஒரு ராஜா ஆண்டுகொண்டிருந்தான். பெயரில்தான் திடம். மனசு காலையில் ஒன்று சொல்லும், சாப்பாட்டுக்கு அப்புறம் வேறொன்று சொல்லும். அந்த வருஷம் அவனுக்குப் பரீட்சைப் பைத்தியம் பிடித்திருந்தது. அரண்மனையில் எந்த வேலைக்கும் ஓலையில் கட்டுரை எழுதித்தான் சேர வேண்டும். கேள்வி போடுவது, திருத்துவது எல்லாம் ஆஸ்தானப் பண்டிதர் ஏகாம்பரம். "அறுசுவையின் சிறப்பை எழுதுக" என்று கேட்டு அவர் தேர்ந்தெடுத்த சமையல்காரன் வந்த நாளிலிருந்து ராஜாவுக்கு அரைவேக்காட்டுச் சோறுதான். கேட்டால், "அவன் நடையழகைப் பாருங்கள் மகாராஜா" என்பார் பண்டிதர்.

மந்திரி கூத்தபிரான் இதையெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தார். பெரியேரிக்கு அதிகாரி வேலை காலியானபோதுதான் அவருக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஐப்பசி மழைக்கு இன்னும் இருபதே நாள். கரைக்குக் கீழே ஏழு ஊர். ஏரியைத் தெரியாதவன் வந்து உட்கார்ந்தால் ஏழும் தண்ணீரோடு போய்விடும். பண்டிதரோ தன் அக்காள் மகனுக்கு அந்த வேலையை மனசுக்குள் கொடுத்தே விட்டார். அவர் போட்ட கேள்வி: "நீரின் பெருமையை எழுதுக."

இருபது பேர் எழுதினார்கள். அதில் மாரக்கா என்று ஒருத்தி, அந்த ஏரியிலேயே மதகு திறந்துவிடும் வேலை பார்ப்பவள். ஏடுகளைக் கட்டிப் பண்டிதருக்கு அனுப்புவது மந்திரியின் பொறுப்பு. எழுத்தாணியால் கீறிய ஓலையில் கரியைத் தடவித் துடைத்தால்தான் எழுத்து கண்ணுக்குத் தெரியும். மந்திரி வேண்டுமென்றே மேலே பெயருக்கு மட்டும் கரி தடவி, மற்றதைத் தடவாமல் அனுப்பி வைத்தார்.

மறுநாள் சபையில் பண்டிதர் எழுந்தார். "என் மருமகன் என்பதற்காகச் சொல்லவில்லை மகாராஜா, நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது! அந்த மாரக்காவுக்குப் பூஜ்யம். எங்கே பார்த்தாலும் பிழை!"

"அதில் ஒரு பிழையைப் படித்துக் காட்டுங்களேன்" என்றார் மந்திரி.

பண்டிதர் ஏட்டை எடுத்தார். திருப்பினார். கண்ணருகே கொண்டுபோனார். ராஜா பிடுங்கிப் பார்த்துவிட்டு, "ஏனய்யா, வெறும் ஓலையாக இருக்கிறதே! எதைப் பார்த்து மதிப்பெண் போட்டீர்?" என்றான்.

"கட்டின் கனத்தையும் மேலே இருந்த பெயரையும் பார்த்திருப்பார்" என்றார் மந்திரி. சபையே சிரித்தது.

"கொண்டுவாருங்கள் கரியை, நானே திருத்துகிறேன்!" என்றான் ராஜா. அங்கேதான் மந்திரியின் கணக்கு தப்பியது. மருமகன் எழுதிய முதல் வரியே, 'நீர் கருணையில் எங்கள் மகாராஜாவை ஒக்கும்.' ராஜா உருகிப்போனான். "நூற்றுக்கு நூறு!"

மாரக்காவின் ஏட்டில் இரண்டே வரி: 'தண்ணி பெருசுதான், அதுல எழுத என்ன இருக்கு? எந்த மதகு பழுதுன்னு கேட்டா எழுதுவேன்.'

"திமிரைப் பார்!" என்றான் ராஜா.

ஆனாலும் மந்திரி விடுவதாக இல்லை. "மகாராஜா, கேட்ட கேள்விக்கு அந்தப் பிள்ளை சரியாகத்தான் எழுதியிருக்கிறான். கேள்விதான் தப்பு. நான் ஒரு பரீட்சை வைக்கிறேன். அதிலும் அந்தப் பிள்ளையே ஜெயித்தால் நான் தோற்றேன், என் முத்திரை மோதிரம் பண்டிதருக்கு."

பண்டிதருக்கு வாயெல்லாம் பல். "ஆகட்டும்! ஆனால் திருத்துவது நான்தான்."

"நீங்களேதான். இந்தத் தடவை படித்துத் திருத்துங்கள்."

மூன்று நாள் மந்திரி ஏரிக்கரையிலேயே கிடந்தார். ஒரு கேள்வி எழுதுவார், உடனே அதற்கு விடையும் எழுதிப் பார்ப்பார். விடை வழவழவென்று எங்கோ போனால் ஏட்டை முறித்துப் போடுவார். பதினோரு ஏடு முறிந்தது. பன்னிரண்டாவது நின்றது:

"ஏரி நிறைந்திருக்கிறது. மழை விடவில்லை. வெளிக்கரை அடியில் கட்டைவிரல் பருமனுக்குத் தண்ணீர் கசிகிறது. உன்னிடம் பத்து ஆள். என்ன செய்வாய், எதைச் செய்ய மாட்டாய், ஏன்? ஒரே ஏட்டில் எழுது."

எதற்கு எத்தனை மதிப்பெண் என்று கரையில் வேலை செய்து ஓய்ந்த கிழவர்களைக் கேட்டுப் பட்டியல் போட்டு, ஒருவரும் எழுதுவதற்கு முன்பே ராஜாவின் முத்திரையை வாங்கினார்; ராஜா அதைப் படித்துக்கூடப் பார்க்கவில்லை. விடைகளையெல்லாம் ஒரே எழுத்தர் படியெடுத்தார். பெயருக்குப் பதில் எண். ராஜாவுக்கு ஆசை தாங்கவில்லை. "நானும் எழுதுவேன். யாருக்கும் சொல்லாதீர்" என்று மந்திரியின் காதில் சொன்னான். மந்திரி வேறு வழியில்லாமல் அவனுக்கும் ஓர் ஓலையை நீட்டினார்.

பண்டிதர் சபையில் பட்டியலைப் பிரித்து வைத்துக்கொண்டு திருத்தினார். ஏழாம் எண் வந்ததும் அவர் முகம் மலர்ந்தது. இது அந்த மதகுக்காரியேதான் என்று முடிவு கட்டிவிட்டார். "கேளுங்கள் மகாராஜா! 'யானைகளைக் கரைமேல் ஏற்றி மிதிக்கச் செய்வேன்' என்கிறது ஒரு ஜென்மம்! கரைமேல் பாரம் ஏற்றினால் பூஜ்யம் என்று பட்டியலே சொல்கிறது. இந்த மூளையை வைத்துக்கொண்டு ஏரியா காப்பது? கோழிக்கூண்டைக் கூடக் காக்க முடியாது!"

ராஜாவின் காது சிவந்தது. "அது நான் எழுதியது" என்றான்.

பண்டிதர் தடாலென்று காலில் விழுந்தார். "மகாராஜா! பத்துக்குப் பத்து! இப்போதே திருத்திவிடுகிறேன்!"

"தொடாதீர்கள்!" என்று மந்திரி அதட்டினார். "மகாராஜா, பண்டிதர் வாழ்நாளில் முதல்முறையாக ஒழுங்காகத் திருத்தியிருக்கிறார். அதைக் கெடுக்காதீர்கள். வேண்டுமானால் என் மோதிரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அந்தப் பூஜ்யம் நிற்கட்டும்."

ராஜா பட்டியலை வாங்கி இரண்டு தடவை படித்தான். தன் முத்திரையைத் தடவிப் பார்த்தான். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தான். "எதற்காகத் தோற்றேன் என்று தெரிந்து இன்றைக்குத்தானய்யா தோற்றிருக்கிறேன்! மோதிரம் உம்மிடமே இருக்கட்டும். பண்டிதரே, இனிமேல் நீர் கேட்கும் கேள்விக்கெல்லாம் முதல் விடையை இந்தச் சபையில் நீரே எழுத வேண்டும்." மருமகன் மறுபடியும் மகாராஜாவின் கருணையைத்தான் எழுதியிருந்தான். மாமன் கையாலேயே அவனுக்கும் பூஜ்யம்.

பதினான்காம் எண்ணுக்கு ஒன்பது. ஏட்டுக்காரி மாரக்கா. வேலை கிடைத்த சந்தோஷத்தை விட்டுவிட்டு, "அந்த ஒண்ணு எங்க சாமி போச்சு?" என்று கேட்டாள்.

மந்திரி பட்டியலைக் காட்டினார். "கசிவது கலங்கல் தண்ணீரா தெளிந்த தண்ணீரா என்று பார்ப்பது, வெளியே அடைக்காமல் சரளைக் கல் போட்டுத் தண்ணீரை விட்டு மண்ணை மட்டும் நிறுத்துவது, மதகைத் திறப்பது, எல்லாம் எழுதியிருக்கிறாய். கீழூர்களுக்கு ஆள் விட்டுச் சொல்வதை விட்டுவிட்டாய்."

"ஆமா சாமி, விட்டுட்டேன்" என்று அவள் நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

ஐப்பசியில் மழை பேய் மழையாகக் கொட்டியது. எட்டாம் நாள் வெளிக்கரையில் கசிவு கண்டது. மாரக்காவிடம் பத்து ஆள் இருந்தார்கள். ஏழு பேரை ஏழு ஊருக்கும் ஓட விட்டுவிட்டு, மீதி மூன்று பேரோடு சரளைக் கூடையைத் தானே தூக்கினாள்.