பாறைமங்கலத்து ஆட்டக்காரர்களுக்கு நடந்த வரவேற்பு

இந்தக் கதை நடந்திருக்குமா என்று எனக்குப் பல வருடங்களாகச் சந்தேகம். மைதானத்தில் எப்போதும் என் பக்கத்து இருக்கையில் உட்காரும் தாமோதரன் சொன்னது. நம் கிளப் வெளிநாட்டு ஆட்டக்காரர் யாரையாவது எடுக்கும்போதெல்லாம் சொல்வார். ஒவ்வொரு முறையும் கண்ணில் நீர் வரச் சிரித்துவிட்டு, வீட்டுக்குப் போய்த் தூக்கம் வராமல் யோசிப்பேன்.

ஆலங்காவூரை ஆண்ட ராஜா வில்லவராயருக்குப் பந்தாட்டம் என்றால் உயிர். ஊருக்கு அதைவிட உயிர். சந்தையில் கத்தரிக்காய் வாங்கப் போனவன் காயை மறந்துவிட்டு, அடுத்த வருடம் யாரைக் கொண்டுவரலாம் என்று சண்டை போட்டுக்கொண்டு நிற்பான்.

"பாறைமங்கலத்து இடதுகால் வீரபாகுவைத் தூக்கணும்யா!"

"வீரபாகுவா? அவனுக்கு வலதுகால் ஊன்றி நிற்க மட்டும்தான். கோல் காக்கிற காளத்தியைக் கொண்டு வா!"

"நீங்க கொண்டு வந்த லட்சணம் தெரியாதா? யவனத்து நெட்டையரை மறந்துட்டீங்களா?"

அதோடு சண்டை கலைந்துவிடும். யவனத்திலிருந்து வந்த நெட்டையர் கப்பலைவிட்டு இறங்கியபோது மான்போலத் துள்ளினார். ஒரே மாதத்தில் குனிந்து தன் காலைப் பார்க்க முடியாமல் போனார். சாவகத்து வேகக்காரர் பந்தை உருட்டிக்கொண்டே தூங்கினார். கடாரத்திலிருந்து கோல் காக்க வந்தவர் கம்பத்தில் சாய்ந்து குறட்டை விட்டார். பந்து அவர் தொந்தியில் பட்டுத் திரும்பி வந்தது. அந்த வருடம் அவர் தடுத்த ஒரே பந்து அது.

"நம்ம ஊர்த் தண்ணி ஒத்துக்கலை" என்றது கீழவீதி. "நம்மை ஏமாத்திக் கிழவர்களை அனுப்பிட்டாங்க" என்றது மேலவீதி.

பக்கத்து நாடான பாறைமங்கலத்திடம் தொடர்ந்து தோற்று ராஜா முகம் கறுத்திருந்த சமயம். தளபதி ரணசூரருக்கு அரசவை விகடகவி மலைக்கொழுந்தைக் கண்டால் ஆகாது. அவரை மாட்டிவிடச் சமயம் பார்த்துக் காத்திருந்தார்.

"மன்னா, சமயோசிதம் என்று மார்தட்டுகிறாரே மலைக்கொழுந்து, அவரிடமே இதை விடுங்களேன்."

ராஜா திரும்பினார். "ஓய் மலைக்கொழுந்து! வரும் பௌர்ணமி ஆட்டத்தில், நமக்கு வெற்றி தேடித் தரும் அயல்நாட்டு ஆட்டக்காரன் ஒருவனை எனக்குக் களத்தில் காட்டும்."

"காட்டாவிட்டால்?"

"யானை முட்டி நம் கோல் கம்பம் ஒன்று உடைந்து கிடக்கிறது" என்றார் ரணசூரர். "ஒரு வருடத்துக்கு அந்த இடத்தில் நீர் நில்லும்."

"ஆகட்டும்!" என்றார் ராஜா.

மலைக்கொழுந்துக்கு ஏற்கெனவே முழங்கால் வலி. கம்பமாக நிற்பது இருக்கட்டும். பந்து வந்து படுகிற உயரத்தை நினைத்தபோதுதான் அவருக்கு வியர்த்தது. மழைக்காலம், கப்பல் வராது. பக்கத்து நாட்டான் தன் ஆளைத் தரமாட்டான். பேசாமல் மைதானத்துக்குப் போனார். அங்கே நெட்டையர், ஊர் திரும்ப மனமில்லாமல், பணியாரம் தின்றுகொண்டிருந்தார்.

"ஐயா, உமக்கு என்னதான் ஆயிற்று?"

"வரவேற்பு ஆயிற்று" என்றார் நெட்டையர். "வந்த அன்று கீழவீதியில் விருந்து. அது தெரிந்து மேலவீதி கோபித்தது. அங்கே சாப்பிட்டால் தட்டாரத் தெரு அழுதது. இலையை மடிக்கப் போனால், 'எங்க வீட்டுச் சாப்பாடு இளப்பமா?' என்று கையைப் பிடிக்கிறார்கள். நான் என்ன செய்ய? நல்ல ஊர் ஐயா. எனக்கு முன்பு வந்தவர்களுக்கும் இதேதான்."

மலைக்கொழுந்து ஒரு பணியாரத்தை எடுத்து உற்றுப் பார்த்தார். பிறகு முழங்கால் வலியை மறந்து அரண்மனைக்கு ஓடினார். "மன்னா, இனி பௌர்ணமிவரை நான் செய்வதை யாரும் தடுக்கக் கூடாது." ராஜா தலையாட்டினார்.

ஆட்டத்துக்கு முதல் நாள் காலை பாறைமங்கலத்து அணி கோட்டை வாசலில் வந்து இறங்கியது. உடனே தெருத்தெருவாகப் பறை ஒலித்தது.

"மகாஜனங்களே! வீரபாகு வேண்டும், காளத்தி வேண்டும் என்று சண்டை போட்டீர்களே, அவர்கள் வாசலில் நிற்கிறார்கள்! உங்கள் உபசாரத்தைப் பார்த்தால் அடுத்த வருடம் இங்கே வர மனம் வராதா? தெருவுக்கு ஒருவரை அழைத்துக்கொள்ளுங்கள்!"

அவ்வளவுதான். கீழவீதி வீரபாகுவைத் தோளில் தூக்கியது. மேலவீதி காளத்தியை இழுத்தது.

"தம்பி, இன்னும் ஒரே ஒரு அதிரசம்."

"அம்மா, நாளைக்கு ஆட்டம் இருக்கு!"

"அதுக்குத்தான் தெம்பு வேணும். இந்தா, நெய்யை விட்டுக்க. போன வீட்டுல பாயசம் குடிச்சியாமே, எங்க வீட்டுப் பாயசம் கசக்குதா?"

மறுநாளும் விடவில்லை. இட்லி, பொங்கல், வடை என்று விடியற்காலையிலேயே பிடித்துக்கொண்டார்கள். பாறைமங்கலத்து அணி களத்துக்கு நடந்து வரவில்லை, மாட்டு வண்டியில் வந்தது. வீரபாகு பந்தை உதைக்கக் காலைத் தூக்கினார். பாதியில் வேண்டாமென்று கீழே வைத்துவிட்டார். ஆலங்காவூர்க்காரன் ஒருவன் அடித்த பந்து மெதுவாக உருண்டு போனது. காளத்தி அதைக் கண்ணால் பார்த்தார், ஒரு ஏப்பம் விட்டார், வழிவிட்டார். கோல்!

அந்த ஒரே கோலில் ஆலங்காவூர் ஜெயித்தது; ஊர் துள்ளியது. ரணசூரர் மட்டும் எழுந்தார்.

"மன்னா, ஜெயித்தது சரி. அயல்நாட்டு ஆட்டக்காரன் எங்கே? நம் அணியில் ஒருவன்கூட இல்லையே! இவரைக் கம்பத்தின் இடத்தில் நிற்கச் சொல்லுங்கள்!"

மலைக்கொழுந்து கையைக் கட்டிக்கொண்டார். "மன்னா, நமக்கு வெற்றி தேடித் தரும் அயல்நாட்டு ஆட்டக்காரன் ஒருவனைக் களத்தில் காட்டச் சொன்னீர்கள். பதினொரு பேரைக் காட்டியிருக்கிறேன். எந்தப் பக்கம் ஆட வேண்டும் என்று தாங்கள் சொல்லவில்லையே?"

ராஜா சிரித்த சிரிப்பில் குடை சாய்ந்தது. கம்பத்தின் இடம் ரணசூரருக்குப் போனது. மலைக்கொழுந்துக்கு முத்துமாலையோடு எல்லாத் தெருவிலும் விருந்து என்று ராஜா அறிவித்தார். அவர் மாலையை மட்டும் எடுத்துக்கொண்டு ஓடிவிட்டாராம்.

தாமோதரன் இதோடு முடித்துவிடுவார். எனக்குத்தான் முடியவில்லை. போன வாரம், இடைவேளையில், ஒருவழியாகக் கேட்டேவிட்டேன்:

"அண்ணே, அடுத்த ஆட்டம் அவங்க ஊர்லதானே நடந்திருக்கும்? அங்க நம்ம ஆளுங்களுக்கு என்ன சாப்பாடு போட்டாங்க?"