மலர் என்று எழுதுங்கள்

பேராசிரியர் தேவசகாயத்துக்கு நரம்புகளைத் தின்னும் நோய் வந்தது. முதலில் கை போனது. பிறகு நடை, பிறகு நாக்கு. நான்காம் ஆண்டில் இமைகூட அவர் வசத்தில் இல்லை. நாகர்கோவில் வீட்டின் முன்னறைக் கட்டிலில், கண்ணுக்கு நேரே இருப்பதை மட்டும் பார்த்தபடி கிடந்தார். நினைவு மட்டும் துளியும் கலங்கவில்லை என்றார் மருத்துவர்.

ஜுலைகா அவரிடம் பதினோரு ஆண்டு படித்து, அவருடனேயே வேலை செய்தவள். மூளையில் ஓடும் மெல்லிய மின்சாரத்தைத் தலைக்கு வெளியிலிருந்தே பிடிக்கும் மின்முனைகளைச் செய்வது அவள் தொழில். அவர் கற்றுக்கொடுத்த தொழில்.

மருத்துவமனையில் செய்வதுபோல் முதலில் பசை தடவித்தான் மின்முனைகளைப் பொருத்தினாள். இரண்டு மணி நேரத்தில் பசை காய்ந்துவிடும். தினமும் மாலையில் அவர் மனைவி எஸ்தர் தலையைக் கழுவிவிட வேண்டும். தண்ணீர் காதில் இறங்கும். அவரால் தலையைச் சாய்க்க முடியாது.

"பசை இல்லாம ஒண்ணு செய்ய முடியாதா பிள்ளே?" என்றாள் எஸ்தர்.

"முடியும் அக்கா. கொஞ்சம் பொறுங்க."

நெருஞ்சி முள்ளைப் பார்த்துச் செய்தாள். சின்னச் சின்ன முனைகள் முடியை விலக்கிக்கொண்டு நேரே தோலைத் தொட்டன. பதினாறை ஒரு பட்டையில் பதித்து அவர் தலையில் கட்டினாள். எஸ்தர் அன்றோடு தலை கழுவுவதை நிறுத்தினாள்.

கட்டிலுக்கு எதிரே ஒரு திரை. அதில் எழுத்துகள் ஒவ்வொன்றாகத் தோன்றி மறையும். மனதில் நினைத்த எழுத்து வரும்போது மூளையில் ஒரு சிறு துள்ளல் எழும். மின்முனை அதைப் பிடித்தால் அந்த எழுத்து பதிவாகும். ஓர் எழுத்துக்கு ஐந்து நிமிடம்.

"சார், பயிற்சிக்கு ஒரு சொல் தர்றேன். மலர்னு எழுதுங்க."

முதல் எழுத்து தப்பாக வந்தது. இரண்டாவது சரி. மூன்றாவது தப்பு. நான்காவது வரவேயில்லை. வந்த எழுத்துகளை நோட்டில் எழுதி, கீழே 'நான்கில் ஒன்று சரி, மற்றவை இரைச்சல்' என்று குறித்துக்கொண்டாள்.

மறுநாளும் அப்படியே. பட்டையை ஒரு துளை இறுக்கினாள்.

"கவனம் சிதறுது சார். ம-வில ஆரம்பிங்க. மலர்."

ஒன்பதாம் நாள் காலையில் எஸ்தர் தலையணை உறையைக் கையில் பிடித்தபடி நின்றாள். உறையில் பழுப்பாக வரிசை வரிசையாகப் புள்ளிகள்.

முடியை விலக்கிப் பார்த்தார்கள். பதினாறு புண்கள். இரண்டில் சீழ் வைத்திருந்தது.

ஜுலைகா நோட்டைப் புரட்டினாள். இத்தனை நாளும் எத்தனை எழுத்து சரி என்று மட்டும்தான் பார்த்திருந்தாள். என்ன எழுத்து என்று இப்போதுதான் பார்த்தாள். முதலில் வ. பிறகு ல. பிறகு இகரக் குறி. அடுத்த பக்கத்திலும் அதே. அதற்கடுத்த பக்கத்திலும் அதே.

எஸ்தர் எழுத்துக் கூட்டி வாசித்தாள். "வலி."

பிறகு மெதுவாகச் சொன்னாள். "தினமும் சொல்லியிருக்காரு பிள்ளே."

ஜுலைகா பட்டையைக் கழற்றிவிட்டுக் கொல்லைப்புறக் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ஈரச் சுவரில் ஒரு மரத்தவளை ஒட்டிக்கொண்டிருந்தது. அவள் முகம் கழுவக் குனிந்தபோது அது தாவி அவள் மணிக்கட்டில் உட்கார்ந்தது. உதறினாள், போகவில்லை. விரலால் மெல்ல எடுத்துவிட்டாள். அது இருந்த இடத்தில் ஒரு தடமும் இல்லை.

அதற்குப் பிறகு இரண்டரை மாதம் ஆய்வுக்கூடமே கதியாகக் கிடந்தாள். தவளையின் விரல் நுனியில் இருப்பதுபோல், மெத்தென்ற பொருளில் நுண்ணிய தூண்கள் செய்தாள். வியர்வை வடிய அவற்றுக்கு நடுவே வாய்க்கால்கள் விட்டாள். முடிக்கு அடியில் போகும்படி ஒவ்வொன்றையும் குறுகலாக வெட்டினாள். தன் தலையில் முழுதாக ஒரு பகல் கட்டிப் பார்த்த பிறகே அவரிடம் கொண்டுபோனாள்.

அதற்குள் புண்கள் ஆறியிருந்தன. ஆனால் மூச்சு தளர்ந்திருந்தது. இன்னும் சில நாள்தான் என்று மருத்துவர் சொல்லிவிட்டார்.

இந்த முறை அவள் பயிற்சிச் சொல் எதுவும் தரவில்லை.

"சார், வலிக்குதா?"

இ வந்தது. ல வந்தது. 'இல்லை' என்று முடியும்வரை இருவரும் அசையாமல் நின்றார்கள். எஸ்தர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

இரண்டு நாள் கழித்து ஒரு முற்பகலில் ஜுலைகா கட்டிலருகே முழங்காலிட்டாள்.

"சார், திருநெல்வேலியில ஒரு மருத்துவமனையில இதைக் கொண்டுவரச் சொல்றாங்க. உங்களை மாதிரி பேச முடியாத ஆறு பேர் அங்க இருக்காங்க. ஒன்பது நாள் உங்களை நான்..."

கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"அவங்க தலையில கைவைக்கவே பயமா இருக்கு. நான் என்ன செய்யணும் சார்?"

திரையில் எழுத்துகள் ஓடத் தொடங்கின. க நின்றது. நெடுநேரம் கழித்து ஏகாரக் கொம்பு. அவர் நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே எஸ்தர் அவர் காலைப் பிடித்திருந்தாள். பிறகு ள. பிறகு புள்ளி.

இன்னும் வரும் என்று ஜுலைகா காத்திருந்தாள். எழுத்துகள் முழுச் சுற்று ஓடின. மறுபடியும் ஒரு சுற்று ஓடின. எதிலும் துள்ளல் இல்லை. அவர் மூச்சு மட்டும் சீராக வந்துகொண்டிருந்தது. அவ்வளவுதான் சொல்ல நினைத்திருந்தார்.

"கேள்."