மூக்கையா கொட்டிய மேடு

கடைவீதியில் வணிக வளாகம் கட்டக் குழி தோண்டினார்கள். மண்ணள்ளிய லாரி டிரைவர் மூக்கையா, அதில் கிடந்த எழுத்துப் பொறித்த பானைத் துண்டைத் தொல்லியல் அதிகாரியிடம் நீட்டினார். "வேலையை நிறுத்துங்கய்யா."

அந்த மனுஷன் துண்டைத் திரும்பியும் பார்க்கவில்லை. "ரூல்படி மேடு இருந்தாத்தான்யா ஆய்வு. அது முடியுற வரைக்கும் மேட்டுல எவனும் கைவைக்கக் கூடாது. கடைவீதியில ஏதுய்யா மேடு? ஒரு மேட்டைக் காட்டு, நிறுத்துறேன்."

மறுநாள் காலை அதிகாரியின் கார் வெளியே வர வழியில்லை. வீட்டு வாசலில் ஆளுயரத்துக்கு மண்.

"எவன்டா மேட்டைக் கொண்டாந்து கொட்டினது? அள்ளுடா!"

மூக்கையா கைகட்டி நின்றார். "நீங்க கேட்ட மேடுதாங்கய்யா. அந்தக் குழி மண்ணுதான். ஆய்வு முடியாம எப்படிங்கய்யா கைவைக்கிறது?"

தெருவே சிரித்தது. அன்றே குழியில் வேலை நின்றது. ஆய்வு விதியில் மேட்டோடு நகரத்தில் தோண்டும் பள்ளத்தையும் சேர்த்து எழுதி, வாசல் மண்ணையும் ஆய்ந்து முடிக்கும்வரை, அதிகாரி ஆட்டோவில்தான் ஆபீஸ் போனார்.