செத்துப்போன ஹெட்செட்

"எந்த ஹெட்செட் வருஷக்கணக்கா உழைக்கும், மேடம்?"

ஆசீர் கேட்டபோது வஹிதா கம்ப்யூட்டர் மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

இடிந்த கட்டடத்துக்கும் சரிந்த மண்ணுக்கும் அடியில் உயிர் இருக்கிறதா என்று கேட்பது அவர்கள் வேலை. இடுக்குகளில் மைக்கை இறக்குவார்கள். கம்ப்யூட்டர் முன்னால் ஒருவர் ஹெட்செட் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அப்படி உட்கார ஆசீருக்குக் கற்றுக்கொடுத்தவள் வஹிதா. அவளைவிட ஆசீர் வயதில் மூத்தவன்.

"இருக்கிறதுக்கு என்ன ஆச்சு?"

"செத்துப்போச்சு."

அவன் பையைத் திறந்து, கடையில் கேட்டு வாங்கி வந்தவற்றை மேஜைமேல் பரப்பினான். ஒன்றுக்கு இரும்புப் பட்டை. ஒன்றுக்குத் துணி சுற்றிய வயர். இன்னொன்றில் வயரைத் தனியாகக் கழற்றி மாற்றிக்கொள்ளலாம்.

"இதுல எது?"

வஹிதா எதையும் தொடவில்லை.

"எங்க செத்துப்போச்சு?"

"எஸ்டேட் லைன் வீடுங்கமேல மண்ணு சரிஞ்சதே, அங்க."

அவள் துடைத்த துணியை மடித்து வைத்தாள்.

"உள்ளேயிருந்து ஒரு அம்மா தட்டிக்கிட்டே இருந்தாங்க. டக், டக்னு. நல்லாக் கேட்டுச்சு. எந்தப் பக்கம்னு பிடிபடறதுக்குள்ள செட்டு நின்னுபோச்சு. வயரை ஆட்டினேன். பின்னைக் கழட்டி மாட்டினேன். ஒண்ணுமில்ல."

"அப்புறம்?"

"குத்துமதிப்பா ஒரு பக்கம் தோண்டினாங்க. தப்பான பக்கம். வெளிய எடுத்தப்போ கையில எவர்சில்வர் டம்ளர். விரலைப் பிரிச்சுத்தான் வாங்க வேண்டியிருந்துச்சு."

அவன் குரல் உயர்ந்தது.

"செட்டு உழைச்சிருந்தா அந்தம்மா இன்னிக்கு உயிரோட இருப்பாங்க, மேடம். இனிமே மட்டமான சாமானை நம்பி நான் உட்கார மாட்டேன்."

"அந்த ஹெட்செட் எங்க?"

"பையோட அடியில கிடக்கு. அன்னிக்குப் போட்டது. அப்புறம் நான் தொடல."

"எடுங்க."

காதில் படும் பஞ்சில் செம்மண் காய்ந்து ஒட்டியிருந்தது. வஹிதா அதைக் கம்ப்யூட்டரில் சொருகி அவனிடம் நீட்டினாள்.

"அதான் செத்துப்போச்சுன்னு சொன்னேனே."

"மாட்டுங்க."

மாட்டினான்.

வஹிதா மைக்கை எடுத்துக்கொண்டு, நீளமான வயரை இழுத்தபடி வெளியே போனாள். கதவைச் சாத்தினாள்.

அவள் செருப்புச் சத்தம் கேட்டது.

இரண்டு காதிலும் கேட்டது.

பிறகு சுவரில் தட்டினாள். டக், டக். கொஞ்சம் விட்டு மறுபடியும். டக், டக்.

நின்றது.

ஆசீர் காத்திருந்தான். அவன் கை தானாக வயருக்குப் போனது. ஆட்டினான். பின்னைக் கழற்றி மாட்டினான்.

ஒன்றுமில்லை.

ஒன்றுமில்லை என்றுதான் முதலில் நினைத்தான். பிறகு, தெருவில் யாரோ பைக்கைக் கிளப்பும் சத்தம் காதுக்குள் வந்தது. மைக்கில் காற்று உரசியது. எங்கோ குழாயில் தண்ணீர் சொட்டியது.

அன்றைக்கும் சொட்டியது.

தட்டல் நின்ற பிறகும், மண்ணுக்கடியில், எங்கேயோ தண்ணீர் சொட்டிக்கொண்டேதான் இருந்தது. அவன் அதைக் கேட்டுக்கொண்டுதான் வயரை ஆட்டியிருந்தான்.

கதவு திறந்தது. வஹிதா உள்ளே வந்தபோது ஆசீர் ஹெட்செட்டைக் கழற்றி மடியில் வைத்திருந்தான்.

"செட்டு கெடல."

"ம்."

"அந்தம்மாதான் நிறுத்திட்டாங்க. நான் கேட்டுக்கிட்டு இருக்கும்போதே."

வஹிதா மைக்கை மேஜையில் வைத்தாள்.

அவன் இரண்டு கைகளாலும் காதுகளைப் பொத்திக்கொண்டான்.

"வேற யாராவது உட்காரட்டும், மேடம். என்னால முடியாது."

வஹிதா அவன் மடியிலிருந்த ஹெட்செட்டை எடுத்தாள். வயரை நிதானமாகச் சுற்றி, அவன் பைக்குள்ளேயே வைத்தாள்.

"இது இன்னும் ரொம்ப நாள் உழைக்கும்," என்றாள்.