பலாவுக்குச் சோறு கேட்ட காட்டுக்கோழி

சிலுப்பி என்ற காட்டுக்கோழிக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அவளும் அவள் குஞ்சுகளும் குளக்கரைப் பலாமரத்தில்தான் அடைவார்கள். நரி கீழே எத்தனை சுற்றுச் சுற்றினாலும் அந்தக் கிளை அதற்கு எட்டாது.

மரமோ இரண்டு வருஷமாகக் காய்க்கவில்லை. இலையெல்லாம் மஞ்சள். காட்டின் தலைவரான குரங்கு கருமுகத்தார் எல்லா விலங்குகளையும் கூட்டினார்.

"காய்க்காத மரம் எதுக்கு? கொம்பா, இதைச் சாய்ச்சுப் பட்டையைத் தின்னுக்கோ!" என்றார்.

யானை கொம்பன் தும்பிக்கையை நீட்டினார். சிலுப்பி வேரின் மேல் தாவி ஏறினாள்.

"எங்கே, தொட்டுத்தான் பாருங்களேன் அண்ணே!"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. மரம் போனால் குஞ்சுகள் அன்றைக்கே நரி வாயில்! சிலுப்பி நகரவில்லை.

"மரத்து மேல என்ன தப்பு? பழம் தின்னுறது இங்கே, சாணம் போடுறது எங்கேயோ! உதிர்ந்த சருகைக்கூடக் குளத்துல தள்ளச் சொன்னது யாரு? நம்ம தலைவர்தானே! மரத்தடி பளிச்சுன்னு இருக்கணுமாம். அப்புறம் மரம் எதைத் தின்னும்?"

"வாயை மூடு! அது என் சட்டம்!"

"உங்க சட்டத்தை நீங்களே வெச்சுக்கோங்க! அடுத்த பருவத்துல இது காய்க்கும். காய்க்கலைன்னா நானே விலகிக்கிறேன். அண்ணே, அதுவரைக்கும் உங்க சாணம் எனக்கு வேணும்!"

கொம்பனுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "அதுக்கென்ன தங்கச்சி, தாராளமா எடுத்துக்கோ!"

சிலுப்பி சருகையும் சாணத்தையும் மாற்றி மாற்றிப் போட்டுக் குவித்தாள். கொம்பன் தண்ணீர் தெளித்தார். கருமுகத்தார் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து குவியலை உதைத்துக் கலைத்தார். அவள் திரும்பக் குவித்தாள். அவர் திரும்பக் கலைத்தார்.

"நல்லா உதைங்க! எரு மட்கணும்னா அப்பப்போ கிளறி விடணும். என் காலுக்கு வேலை மிச்சம்!" என்றாள் அவள். கருமுகத்தார் அதற்கப்புறம் அந்தப் பக்கமே வரவில்லை.

"எப்போ போடப் போறே?" என்று கொம்பன் அவசரப்பட்டார்.

"சூடு அடங்கட்டும் அண்ணே. இப்பவே போட்டா வேர் வெந்துடும்!"

குவியல் ஆறி, மழை விழுந்த மண்போல மணத்தது. நன்றாகக் காய்க்கிற நாவல் மரத்தடியிலிருந்து மண் கொண்டுவந்து அதில் கலந்தாள்.

"இது எதுக்கு?" என்றார் கொம்பன்.

"இதுல கண்ணுக்குத் தெரியாத உயிருங்க இருக்கு. எருவைப் பக்குவம் பண்ணி வேருக்கு ஊட்டுறது அதுங்கதான்!"

அடிமரத்தில் கொட்டாமல், மரத்தின் நிழல் முடிகிற இடத்தில் சுற்றிலும் பரப்பினாள். சத்தை உறிஞ்சும் வேர்கள் அங்கேதான் இருக்கும்.

மழை பெய்தது. மரம் பச்சை பிடித்தது. பருவம் வந்ததும் அடிமரம் வரைக்கும் காய்கள் தொங்கின! சிலுப்பி சந்தோஷத்தில் குளத்தைச் சுற்றிச் சுற்றி ஓடினாள்.

முதல் பழம் பழுத்த அன்றைக்கே கருமுகத்தார் தாவி வந்தார். "என் ஆட்சியில விளைஞ்ச பழம்! எனக்குத்தான் முதல்ல!"

சிலுப்பி இறக்கையை விரித்துக் குறுக்கே நின்றாள்.

"குளத்துல தள்ளின சருகையெல்லாம் முதல்ல அள்ளிக்கிட்டு வாங்க. அப்புறம் பழம்!"

"யாரைப் பார்த்துப் பேசுறே? நான் தலைவன்!"

"தலைவருக்கும் வயிறு இருக்கு இல்லே? அப்போ அள்ளுங்க!"

கருமுகத்தார் கொம்பனைப் பார்த்தார். கொம்பன் சிலுப்பியின் பக்கத்தில் போய் நின்றுகொண்டார். பலா வாசனையோ ஆளைத் தூக்கியது. கருமுகத்தார் இடுப்பளவு சேற்றில் இறங்கி, காடே பார்க்கச் சருகை அள்ளினார்.

எடுத்துக்கொண்டே இருந்து எதையும் திருப்பிக் கொடுக்காதவருக்கு, கொடுத்துக் களைத்ததைப் பழிக்க உரிமையில்லை.