வாலாட்டிக்கு வால் ஆடத் தொடங்கிய நாள்

அந்தக் காலத்தில், மீனும் கொக்கும்கூட எதிரெதிரே நின்று நலம் விசாரித்துக்கொண்ட காலத்தில், ஒரு ஆற்றங்கரைப் பாறையில் கறுப்பு வெள்ளைக் குருவி ஒருவன் இருந்தான். நலம் விசாரித்த பிறகு கொக்கு மீனைத் தின்னத்தான் செய்தது, அது வேறு விஷயம். பேச்சுவார்த்தை இருந்தது என்று சொல்ல வந்தேன். குருவியின் பெயர் சுழியன். பெயரைக் கேட்டாலே தெரியும், ஆள் சும்மா இருக்கிற ரகம் இல்லை.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் சுழியன் கட்சி. இந்தக் கதையில் அவன் ஒரு பெரிய தப்புச் செய்யப்போகிறான். செய்யட்டும். அதற்காக அவனை விட்டுக்கொடுக்க என்னால் முடியாது.

ஆற்றில் எது புதிதாக வந்தாலும் முதலில் பார்ப்பவன் அவன்தான். வெள்ளத்தில் ஒரு பூசணிக்காய் உருண்டு வந்தால் அதன் மேல் ஏறி நின்று அடுத்த வளைவுவரை சவாரி போய்வருவான். மலைப்பக்கம் ஏதோ மரம் பூத்த வாசனை காற்றில் வந்தால் போதும், ஆளைக் காணோம். போனவன் வெறுமனே திரும்பமாட்டான். பார்த்ததையெல்லாம் கரைக்குக் கொண்டுவந்து கொட்டுவான்.

"நண்டண்ணே, அங்கே ஒரு மரம். பூவெல்லாம் தலைகீழா தொங்குது. தேன் வேணும்னா நாமளும் தலைகீழா தொங்கணும். தொங்கினேன். தேன் வாய்க்குள்ள போகாம மூக்குக்குள்ள போயிருச்சு!"

சொல்வதோடு விடமாட்டான், ஒரு நாணலைப் பிடித்துத் தொங்கியும் காட்டுவான். வளையைவிட்டு வெளியே வராத நண்டுகூட வந்து நின்று சிரிக்கும். ஒரு கோடையில் மடு வற்றி, தவளைகளெல்லாம் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தபோது, காட்டுக்குள் ஊறிக்கொண்டிருந்த சுனையைக் கண்டுபிடித்துச் சொன்னதும் அவன்தான். தண்ணீர் தேடி ஒன்றும் போகவில்லை. அந்தப் பக்கம் ஒரு பாறை ஆமை மாதிரியே இருக்கிறதாமே, பார்த்துவிட்டு வரலாம் என்று போன இடத்தில் கண்ணில் பட்டது. அன்றைக்கு அந்தக் கரை பிழைத்தது அவன் வேடிக்கைக் குணத்தால்தான். இதை யாரும் இல்லை என்று சொல்ல முடியாது.

ஆனால் துக்க வீட்டில் மட்டும் அவனைப் பார்க்க முடியாது. தவளைக் கூட்டத்தில் ஒருத்தனைப் பாம்பு விழுங்கிவிட்டுப் போன அன்று, கரையே கூடி உட்கார்ந்து அழுதது. சுழியன் கொஞ்ச நேரம் கால் மாற்றிக் கால் மாற்றி நின்று பார்த்தான். "அக்கரையில ஈசல் கிளம்புற மாதிரி இருக்கு, ஒரு எட்டு பார்த்துட்டு வந்துடறேன்" என்று கிளம்பிவிட்டான்.

"கல்நெஞ்சுக்காரன்" என்றது கொக்கு. கொக்குக்கு என்ன தெரியும்? நெஞ்சு கல்லாக இருந்திருந்தால் அங்கேயே சாவகாசமாக உட்கார்ந்திருப்பானே! அவனுக்கு நெஞ்சு ரொம்ப இளசு. சும்மா உட்கார்ந்தால் உள்ளே ஏதோ ஒரு பயம் மெல்ல எழுந்து வரும். அதன் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் பறந்துவிட வேண்டும். இப்படியே பறந்து பறந்து வளர்ந்தவன். தான் ஓடுகிறோம் என்பதே அவனுக்குத் தெரியாது, பாவம். வேடிக்கை பார்க்கப் போவதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தான்.

இவன் சொன்ன கதைகளில் மயங்கித்தான் நாச்சி இவனைக் கட்டிக்கொண்டாள். அவளும் அதே கறுப்பு வெள்ளை இனம்தான். நிதானமானவள், ஆனால் சிரிக்க ஆரம்பித்தால் நிறுத்தமாட்டாள். இரண்டு பேரும் ஆற்றை ஒட்டிய ஒரு பாறை இடுக்கில் வேரும் மயிருமாகப் பொறுக்கிவந்து கூடு கட்டினார்கள். நாச்சி முட்டையிட்டாள்.

அந்த இனத்தில் அடைகாப்பதற்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. உச்சிவரை தாய், உச்சிக்கு மேல் தகப்பன். ஒருவர் வந்து உட்கார்ந்த பிறகுதான் மற்றவர் எழுந்து போகலாம். சாயும் வெயில் பாறை இடுக்குக்குள் நேராக அடிக்கும். அந்த நேரம் இறக்கையை விரித்து முட்டைகளுக்கு நிழல் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் பாறைச் சூட்டில் முட்டை வெந்துபோகும். தகப்பன் வேலை அந்த நிழல்தான்.

நாச்சி இரை தேடப் போயிருந்த ஒரு மதியம். சுழியன் இறக்கையை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். வளைவுக்கு அப்பால் மணிச் சத்தம் கேட்டது. அந்த ஆற்றில் அதுவரை யாரும் கேட்டிராத சத்தம். சுழியனுக்கு உடம்பெல்லாம் பரபரவென்றது. "ஒரே ஒரு எட்டு. போன கையோட வந்துடலாம்" என்று சொல்லிக்கொண்டான். யாரிடம் சொன்னான்? முட்டைகளிடம்தான். கேட்பதற்கு வேறு யார் இருந்தார்கள்?

போய்ப் பார்த்தால் யானை! கூடவே ஒரு குட்டி. குட்டி தும்பிக்கையில் தண்ணீரை உறிஞ்சி, அம்மாமேல் அடிப்பதற்குப் பதிலாகத் தன் கண்ணிலேயே அடித்துக்கொண்டது. சுழியன் அதன் காதில் உட்கார்ந்து பார்த்தான், முதுகில் உட்கார்ந்து பார்த்தான். நேரம் போனதே தெரியவில்லை. திரும்பி வரும் வழியெல்லாம் இதை நாச்சிக்கு எப்படிச் சொல்வது, எந்த இடத்தில் நிறுத்தி அவளைச் சிரிக்க வைப்பது என்று யோசித்துக்கொண்டே வந்தான்.

"ஏ புள்ள நாச்சி! நீ பார்த்திருக்கணும், அந்தக் குட்டி..."

நாச்சி கூட்டின் பக்கத்தில் நின்றாள். உட்காரவில்லை. வெயில் நேராக உள்ளே அடித்துக்கொண்டிருந்தது.

"தொட்டுப் பாருய்யா" என்றாள்.

அவன் தொடவில்லை. பாறையில் நின்ற கால் சுட்டதிலேயே அவனுக்குப் புரிந்துவிட்டது. உள்ளே இருந்த அந்தப் பழைய பயம் இந்தத் தடவை மெல்ல வரவில்லை, ஒரேயடியாக எழுந்து வந்தது. சுழியன் என்ன செய்தான்? எது வந்தாலும் செய்வதைத்தான் செய்தான். பறந்துவிட்டான்.

ஆற்றோடு கீழே கீழே போனான். அடுத்த ஊர்ப் படித்துறையில் துணி துவைக்கிற கல்லில் ஏறி யானைக்குட்டிக் கதையைச் சொன்னான். எருமைகள் சிரித்தன, மைனாக்கள் இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டன. சிரிப்பு அடங்கியதும் கால் சுட ஆரம்பித்தது. நிழலில் நின்றாலும் சுட்டது. உடனே அடுத்த ஊர். அங்கே ஒரு பரிசல், அதற்கடுத்த ஊரில் ஒரு தேர். எல்லாம் புதுசு, எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. ஒவ்வொரு இடத்திலும் அவனைச் சுற்றிக் கூட்டம் கூடியது. ஒவ்வொரு இடத்திலும் சிரித்து முடித்ததும் கால் சுட்டது.

கடைசியில் ஆறு தீர்ந்துபோய்க் கடல் வந்துவிட்டது. அதற்கு மேல் கரை இல்லை. சுழியன் ஈரமணலில் இறங்கி நின்றான். கடலைப் போல் ஒரு புதுசை அவன் கண்டதே இல்லை. ஆனாலும் அன்றைக்கு அதைப் பார்க்க முடியவில்லை. தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு உட்கார்ந்தான். விரட்டிக்கொண்டு வந்தது வந்து சேர்ந்தது. என் பிள்ளைகளை நானே கொன்றுவிட்டேனே என்று வாய்விட்டு அழுதான். அந்தத் தவளைக்கும் சேர்த்து அழுதான். இவ்வளவு காலம் அழாமல் விட்டதையெல்லாம் அழுதான். அழுதால் செத்துப்போவோம் என்று நினைத்திருந்தான் போல. சாகவில்லை. அழுது முடித்ததும் பசித்தது. ஒரு பூச்சியைப் பிடித்துத் தின்றுவிட்டு, வந்த வழியே திரும்பினான்.

வழியில் எங்கும் கதை சொல்ல நிற்கவில்லை. நாச்சி அதே பாறையில் இருந்தாள். சுழியன் சற்றுத் தள்ளி இறங்கினான்.

"அழுதியா?" என்று கேட்டாள்.

"அழுதேன்."

"நானும் அழுதேன். தனியா. முட்டை போனதுக்கு ஆற்றாமைதான். ஆனா கோபம் அதுக்கு இல்லய்யா. என்னை இங்க தனியா அழ விட்டுட்டுப் போனே பாரு, அதுக்குத்தான்."

சுழியன் நகர்ந்து நகர்ந்து வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். அன்று பொழுது சாயும்வரை இரண்டு பேரும் அழுதார்கள். அவன் எழுந்திருக்கவே இல்லை.

அடுத்த பருவத்தில் நாச்சி மறுபடி முட்டையிட்டாள். சுழியன் நேராகக் கொக்கிடம் போனான். ஒற்றைக்காலில் நின்றே பேர் வாங்கியவர் அல்லவா!

"அண்ணே, அசையாம இருக்கிறது எப்படி? எனக்குக் கொஞ்சம் சொல்லிக் குடுங்க."

கொக்குக்குப் பெருமை தாங்கவில்லை. "அது பெரிய வித்தைப்பா தம்பி. கண்ணைப் பாதி மூடு. எதையும் பார்க்காதே, எதையும் கேட்காதே. சிரிப்பு வந்தாலும் முழுங்கிடு."

சுழியன் அப்படியே செய்தான். மதியம் உட்கார்ந்தால் கல் மாதிரி உட்கார்ந்தான். மற்ற நேரத்திலும் வாயைத் திறப்பதில்லை. வாலை உரசிக்கொண்டு பூசணிக்காய் போனாலும் திரும்பிப் பார்ப்பதில்லை. இரை இறங்கவில்லை, இறகு மங்கியது. கரையில் நண்டு வந்து வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனது. சிரிக்க ஒன்றும் இல்லாமல் கரையே வாடிப்போயிற்று. கொக்கு மட்டும், "இப்பதான் ஆள் உருப்பட்டான்" என்றது.

நாச்சிக்குப் பொறுக்கவில்லை. "இந்தாய்யா, நான் கட்டிக்கிட்டது உன்னைத்தானே, கொக்கை இல்லையே? இப்படி முகத்தைத் தூக்கி வச்சுக்கிட்டு இருந்தா முட்டைக்குள்ள இருக்கிற பிள்ளைங்களே பயந்துடும்."

"வேற எப்படி இருக்கிறது? கண்ணைத் திறந்தா கால் போயிடும் புள்ள. எனக்கு என்னைத் தெரியும்" என்றான் சுழியன். அவன் குரலில் பயம் இருந்தது. நாச்சிக்கும் அதே பயம்தான். அவள் அதை வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

முட்டைகளுக்குள் கொத்துகிற சத்தம் கேட்கத் தொடங்கியிருந்தது. அன்று மதியம் சுழியன் முறை. நாச்சி அக்கரை நாணலில் பூச்சி பிடித்துக்கொண்டிருந்தாள். வெயில் உச்சியைவிட்டு இறங்கிப் பாறை இடுக்கைப் பார்த்து வந்தது. அந்த நேரம் பார்த்தா வரவேண்டும்? மேற்கிலிருந்து மேளச் சத்தம் கேட்டது.

கல்யாணக் கூட்டம்! ஆற்றில் வரிசையாகப் பரிசல்கள். ஒன்றில் நாதஸ்வரமும் தவிலும், ஒன்றில் மாப்பிள்ளை, ஒன்றில் சீர்த்தட்டுகள். பின்னால் ஒரு பரிசலில் வாழைமரத்தையே நட்டுவைத்துக் கொண்டுவந்தார்கள். அந்த ஆறு தோன்றிய நாளிலிருந்து இப்படி ஒன்றைக் கண்டதில்லை. நண்டு ஓடிவந்தது, தவளைகள் குதித்தன. கண்ணைப் பாதி மூடியிருந்த கொக்குகூட முழுசாகத் திறந்துகொண்டு, நின்ற இடத்தைவிட்டு விடுவிடென்று நடந்து போய்விட்டது. பெரிய வித்தை!

அக்கரையில் நாச்சிக்கு மேளம் கேட்டதும் அலகிலிருந்த பூச்சி நழுவி விழுந்தது. "போச்சு" என்றாள். யானைமணிக்கே போனவன். தவில் சத்தத்துக்கு இருப்பானா? வெயிலைப் பார்த்தாள், பாறையைப் பார்த்தாள், உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு பறந்தாள்.

இங்கே சுழியன் கண்ணைத் திறந்துவிட்டான். திறக்காமல் இருக்க முடியவில்லை. பார்த்தான். அம்மாடி! கால் எழும்பியது, இறக்கை கொஞ்சம் மடங்கியது. இறக்கை விலகிய இடைவெளியில் ஒரு கீற்று வெயில் முட்டைமேல் விழுந்தது. உள்ளேயிருந்து ஒரு பிள்ளை டொக் என்று கொத்தியது.

சுழியன் நகத்தால் பாறையை இறுகப் பற்றிக்கொண்டான். விரித்த இறக்கையை இன்னும் அகல விரித்தான். ஆனால் கண்ணை மூடவில்லை. "போகமாட்டேன். ஆனா பார்க்காமலும் இருக்கமாட்டேன். நான் இப்படித்தான்" என்று சத்தமாகவே சொன்னான். காலை அசைக்க வழியில்லை, இறக்கையை அசைக்க வழியில்லை. உடம்பில் இருந்த துடிப்பு அத்தனையும் எங்கே போகும்? தலையிலிருந்து முதுகுக்கு ஓடியது. முதுகிலிருந்து, அந்த நேரத்தில் ஒரு வேலையும் இல்லாமல் நீட்டிக்கொண்டிருந்த வாலுக்கு ஓடியது. வால் எழும்பியது. இறங்கியது. தவிலுக்குத் தப்பாமல் மேலும் கீழும் ஆட ஆரம்பித்தது.

நாச்சி மூச்சிரைக்க வந்து இறங்கினாள். வெறும் கூட்டைப் பார்க்கப் பயந்து, தலையைத் திருப்பிக்கொண்டுதான் இறங்கினாள். பிறகு பார்த்தாள். வெயில் முழுவதும் சுழியன் முதுகில் அடித்துக்கொண்டிருந்தது. அடியில் முட்டைகள் நிழலில் இருந்தன. அவன் கழுத்தை நீட்டி நீட்டி ஆற்றைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். வால் மட்டும் நிற்காமல் குதித்துக்கொண்டிருந்தது.

"ஏ புள்ள, வாழைமரத்தைப் பார்த்தியா? பரிசல்ல வருது!" என்றான்.

நாச்சி சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள். "பார்த்தேன்யா, பார்த்தேன்" என்றாள். அவள் வாழைமரத்தைப் பார்க்கவே இல்லை.

அன்று மாலை பிள்ளைகள் ஓட்டை உடைத்துக்கொண்டு வெளியே வந்தன. முதலில் தெரிந்தது எது என்று நினைக்கிறீர்கள்? ஈரம் காயாத குட்டி வால், ஆடிக்கொண்டு. நாச்சியும் விளையாட்டாக ஆட்டிப் பார்த்தாள், அவளுக்கும் ஒட்டிக்கொண்டது. சுழியனுக்குப் பழைய பேச்சும் சிரிப்பும் திரும்பிவந்தன, கரைக்கும் வந்தன.

வாலாட்டிக் குருவிக்கு வால் ஆடுவது அன்றைக்குத் தொடங்கியதுதான், இன்னும் நிற்கவில்லை. கிணற்றடியிலோ படித்துறைக் கல்லிலோ நீங்களும் பார்த்திருப்பீர்கள். வாலை இப்படி ஆட்டுகிறதே, இதோ பறந்துவிடப் போகிறது என்று நினைத்திருப்பீர்கள். இல்லை. அது ஆட்டுவதே இருப்பதற்காகத்தான்.